ஜெர்மன் பேசிப் பழக ஆள் வேணும், பதிலுக்கு நான் என்ன கொடுக்கிறது?

நைட் ட்யூட்டி, விவேக் நகர்:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். சொந்த ஊர் தர்மபுரி பக்கம். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகணும்னு போன வருஷத்துலேருந்து படிக்கிறேன். கோயத்தே நிறுவனம் நடத்தற பி1 (நடு நிலை) ஜெர்மன் தேர்வில் வாசிப்பு, கேட்பு, எழுத்து மூணும் தேறிட்டேன். பேச்சு மட்டும் நிக்குது. ஒவ்வொரு பகுதிக்கும் 100க்கு 60 வாங்கணும். தேறாத பகுதியை மட்டும் தனியாத் திரும்ப எழுதலாம்கிறது ஒரு ஆறுதல். அதைத் தாண்டினாலும் பி2 காத்திருக்கு. அங்கே நர்ஸா அங்கீகாரம் கிடைக்கப் பெரும்பாலும் அதைத்தான் கேக்கிறாங்க.

கிளாஸ்ல கூட்டம் அதிகம். ஒரு ஆளுக்குப் பேச ஒரு நிமிஷம் கிடைச்சா பெரிசு. ஹாஸ்டல்ல என்னோட இருக்கிற ரெண்டு கேரளப் பெண்களும் ஜெர்மன்தான் படிக்கிறாங்க. நாங்க மூணு பேரும் பேசிப் பார்த்தோம். ஒருத்தி தப்பா சொன்னாலும் மத்த ரெண்டு பேருக்கும் அது தப்புன்னு தெரியாது, அதையே மூணு பேரும் பிடிச்சுக்கிறோம். அதனால அந்த மொழியில பிறந்து வளர்ந்தவங்க ஒருத்தரோட பழகணும்னு ஒரு ஆப் போட்டேன். மூணு விதமான ஆளுங்க வர்றாங்க. வணக்கம் சொல்லிட்டுக் காணாமப் போறவங்க. நாலாவது வரியில இங்கிலீஷுக்குத் தாவுறவங்க. போட்டோ கேக்கிறவங்க.

நிஜமா மொழி கத்துக்க இப்படி ஆள் கிடைச்சு, அது நிலைச்சவங்க யாராவது இருக்கீங்களா? எங்கே தேடினீங்க? அவங்க எனக்கு நேரம் ஒதுக்கினா பதிலுக்கு நான் என்ன கொடுக்க முடியும்? ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்கும், அதுவும் ஒரு கவலை.


பி.டி.எம். லேஅவுட்:

முதல்ல பாதுகாப்பு. சொந்தப் பேரு முழுசா வேண்டாம், ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், போட்டோவுக்குப் பதிலா ஒரு பூவோ மலையோ போதும். ஹலோடாக்னு மொழி பழகற ஆப்ல உங்களைப் பெண்கள் மட்டும் தேடிப் பார்க்கிற மாதிரி வச்சுக்க வழி இருக்கு, அதைப் போடுங்க. முதல் மாசம் அந்த ஆப்பை விட்டு வாட்ஸ்அப்புக்கு மாறவே மாறாதீங்க. "உனக்கு ஒரு பரிசு அனுப்பினேன், கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, பணம் கட்டு"ன்னு யாராவது சொன்னா அது மோசடி, வேற எதுவும் கிடையாது. அங்கேயே தடை பண்ணிட்டு, பணம் போயிருந்தா சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்கு உடனே போன் பண்ணுங்க.

பதிலுக்கு என்னன்னா, இங்கிலீஷ் கத்துத் தரேன்னு போடுங்க. ஆள் நிறைய வருவாங்க.


அல்சூர் ஏரிக்கரை:

தங்கச்சி, பி.டி.எம். தம்பி சொன்ன பாதுகாப்பு விஷயத்தை அப்படியே செய்யுங்க. ஆனா இங்கிலீஷ் கத்துத் தரேன்னு போடாதீங்க. தமிழ் கத்துத் தரேன்னு போடுங்க. இதைச் சொல்லத்தான் நான் எழுத உக்காந்தேன்.

ஜெர்மனியில பள்ளிப்படிப்பு முடிச்ச பிள்ளைக்கு இங்கிலீஷ் நல்லாவே வரும். உங்க ஜெர்மனைவிட அவங்க இங்கிலீஷ் பல படி மேல இருக்கும். ரெண்டு பேர் பேசும்போது பேச்சு எப்பவும் சுலபமான மொழிப் பக்கம்தான் இறங்கும், தண்ணி பள்ளத்தைப் பார்த்து ஓடற மாதிரி. இங்கிலீஷ் தரேன்னு நீங்களே சொல்லிட்டா அப்புறம் அதை நிறுத்தவே முடியாது. நாலாவது வரியில தாவுறாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அது அவங்க குறை கிடையாது, பேசி வச்ச ஏற்பாடே அப்படி. இன்னொண்ணு. இங்கிலீஷ் பழகணும்னு தேடற ஒருத்தர் முதல்ல லண்டன்காரரைத் தேடுவார், அமெரிக்கரைத் தேடுவார். நம்ம முறை எப்போ வர்றது? தமிழ்னு போட்டா போட்டியே இல்லை. தேடி வர்றவங்க குறைவு. ஆனா வந்தவங்க நிலைப்பாங்க, ஏன்னா அவங்களுக்கும் வேற ஆள் லேசுல கிடைக்காது.

ஜெர்மனியில யாருக்குத் தமிழ் வேணும்னு நினைக்கிறீங்களா? 1983க்கு அப்புறம் இலங்கையிலேருந்து ஜெர்மனி, சுவிட்சர்லாந்துன்னு போன குடும்பங்களை எடுத்துக்குங்க. அவங்க பிள்ளைங்க அங்கேயே பிறந்தாங்க, அங்கேயே படிச்சாங்க. வாயைத் திறந்தா முதல்ல வர்றது ஜெர்மன்தான். வீட்டுல தமிழ் கேட்டு வளர்ந்திருப்பாங்க, வார இறுதியில தமிழாலயத்துல கொஞ்சம் படிச்சிருப்பாங்க, ஆனா பாட்டிக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னா கை நிக்கும். அந்த ஏக்கம் அவங்ககிட்ட நிறைய. ஹம் நகரத்துல 2002ல குடமுழுக்கு ஆன காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஐரோப்பா பூராவிலேருந்தும் ஆயிரக்கணக்குல சனம் வருது. அந்தக் கூட்டத்துல உங்க வயசுப் பெண்கள் எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

அவங்க மட்டும் இல்லை. தமிழ்நாட்டு மாப்பிள்ளையோ மருமகளோ வந்த ஜெர்மன் குடும்பங்கள் இருக்கு. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துல தெற்காசிய நிறுவனத்துல தமிழ் படிக்கிற மாணவர்கள் இருக்காங்க. சென்னைப் பக்கம் 2007லேருந்து பி.எம்.டபிள்யூ., 2012லேருந்து ஒரகடத்துல டைம்லர் லாரி ஆலைன்னு வந்த பிறகு, வேலைக்காக அங்கே வந்து இருக்கப் போற குடும்பங்களுக்கும் கடைக்குப் போக, ஆட்டோ பிடிக்கத் தமிழ் வேணும்.

இதை நான் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன். நான் அல்சூர்லயே பிறந்து வளர்ந்தவ. எண்பதுகள்ல எங்க பள்ளிக்கூடத்துக்கு, பேனா நண்பர் தேடித் தர்ற ஐ.ஒய்.எஸ். அமைப்போட ஃபாரம் வரும். பின்லாந்துல துர்க்கு நகரத்துலேருந்து 1952ல ஆரம்பிச்சு 2008 வரைக்கும் நடத்தினாங்க. நம்ம வயசு, எந்த நாடு, என்ன பிடிக்கும்னு நிரப்பி அனுப்பினா ஒரு விலாசம் வரும். எனக்கு வந்தது பிரான்ஸ்ல லியோன் பக்கத்துப் பெண். நான் வசந்த நகர் அலியான்ஸ் பிரான்சேஸ்ல சேர்ந்த பிறகு பாதிக் கடிதம் பிரெஞ்சுலன்னு பேசி வச்சுக்கிட்டோம். ஏரோகிராம்னா மடிச்சு ஒட்டற விமானக் கடிதத் தாள், அதுல உள்ளே எதையும் வைக்கக் கூடாது, இடமும் கொஞ்சம். சொல்ல வந்ததை அதுக்குள்ள முடிக்கணும். அவ என் கடிதத்திலேயே சிவப்பு மையில திருத்தி, அடுத்த கவர்ல வச்சுத் திருப்பி அனுப்புவா. பிரெஞ்சு வாக்கியம் எப்படி நிக்கும்னு எனக்குப் பிடிபட்டது அந்தச் சிவப்பு மையிலதான்.

அப்புறம் ஆடுகோடிப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன், அங்கே ஜெர்மன் தேவைப்பட்டது. தொண்ணூறுகள்ல மின்னஞ்சல் வந்ததும் ஜெர்மனியில போஹும் பல்கலைக்கழகம், ஒருத்தர் மொழியை மத்தவர் கத்துக்கிற 'டேண்டம்' முறையில மின்னஞ்சல் ஜோடி சேர்க்கிற ஒரு வலையமைப்பு நடத்திச்சு. ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்தான் டேண்டம். முறை அதுக்கு முன்னாடியே உண்டு. 1963ல ஜெர்மனியும் பிரான்ஸும் நட்பு ஒப்பந்தம் போட்ட பிறகு ரெண்டு நாட்டு இளைஞர்களையும் சேர்த்து உக்கார வச்சுப் பழக்கினதுல வளர்ந்தது. எனக்கு வாய்ச்சவங்க ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை. அவங்க மருமகன் திருச்சிக்காரர். பேரப்பிள்ளைங்க அப்பாவோட தமிழ்ல பேசறப்போ தானும் அதுல சேரணும்னு அவங்களுக்கு ஆசை. இங்கிலீஷ் எனக்கு எதுக்கு, எனக்கு வரும்னு முதல் கடிதத்திலேயே எழுதிட்டாங்க. பல வருஷம் ஓடின பழக்கம் அது. வாரம் தவறினா, ஏன் எழுதலைன்னு அவங்களே கேட்டு எழுதுவாங்க.

டேண்டத்துக்கு ரெண்டே சட்டம். ஒண்ணு, சரிபாதி. அரை மணி ஜெர்மன்னா அரை மணி தமிழ், ஒரு பக்கத்துக்கு ஒரு பக்கம். ரெண்டாவது, உங்க படிப்புக்கு நீங்கதான் பொறுப்பு. அவங்க வாத்தியார் கிடையாது. இந்த வாரம் எனக்கு இறந்த காலம் வேணும், வலி பத்தி நோயாளிகிட்ட எப்படி விசாரிக்கிறதுன்னு வேணும்னு நீங்கதான் கேக்கணும்.

கேக்கும்போது ஏன்னு கேக்காதீங்க, எப்படிச் சொல்வீங்கன்னு கேளுங்க. தாய்மொழிக்காரருக்கு இலக்கணக் காரணம் தெரியாது. உங்களை ஒருத்தர் 'வந்தான்' சரி, ஆனா 'போந்தான்'னு சொல்லாம 'போனான்'னு ஏன் சொல்றீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க? அப்படித்தான் சொல்வோம்பீங்க. அவங்களும் அதையேதான் சொல்வாங்க. காரணத்துக்குப் புத்தகம் இருக்கு, கிளாஸ் இருக்கு. இந்த இடத்துல ஒரு ஜெர்மன்காரி வாயில என்ன வரும்கிறதை மட்டும் அவங்ககிட்ட வாங்கிக்குங்க.


நைட் ட்யூட்டி, விவேக் நகர்:

ரொம்ப நன்றிங்கம்மா. இப்படி நான் யோசிக்கவே இல்லை. ஆனா எனக்கு ரெண்டு பயம். ஒண்ணு, நான் தமிழ் டீச்சர் இல்லை, பத்தாவதோட தமிழை விட்டவ. எழுத்துத் தமிழைச் சொல்லித் தர்றதா, பேச்சுத் தமிழையா? இன்னொண்ணு, எனக்கு எழுத்து தேறிடுச்சு, பேச்சுதான் சிக்கல். கடிதம் எழுதினா பேச்சு எப்படி வரும்?


பிடதி ஷிப்ட்:

ஜெர்மன் எனக்குத் தெரியாது, நான் ஜப்பானிய மொழி. பிடதிப் பக்கம் வேலை. எங்க கதை உங்களுக்கு நேர் எதிர். ஜே.எல்.பி.டி. தேர்வுல பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது, எல்லாமே சரியான விடையைக் குறிக்கிறதுதான். அதுல என்3ங்கிற நடு நிலை தேறினவங்க மூணு வரி மெயில் எழுத முடியாம உக்காந்திருக்கிறதை எங்க லைன்லயே பார்க்கிறேன்.

எனக்கு உதவினது தினம் நாலு வரி டைரி. 2007ல வந்த லாங்-8னு ஒரு தளம், நீங்க எழுதினதைத் தாய்மொழிக்காரங்க வரி வரியா திருத்துவாங்க. 2017ல புதுசா ஆள் சேர்க்கிறதை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் ஹலோடாக்ல மொமெண்ட்ஸ்னு ஒரு பகுதி இருக்கே, அதுல எழுதறேன். இன்னைக்கு மெஸ்ல என்ன சாப்பாடு, பஸ் எங்கே நின்னுச்சு, மழை. அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, திருத்துங்கன்னு வாய் விட்டுக் கேக்கணும். கேக்காட்டி எனக்கு வாய்ச்ச ஜப்பானியர்கள் யாரும் திருத்தலை. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. "தயவுசெய்து கடுமையாத் திருத்துங்க"ன்னு மேல ஒரு வரி போட்ட பிறகுதான் திருத்தம் வர ஆரம்பிச்சது.

அம்மா சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒத்துவரலை. ஜப்பான்ல தமிழ் யாருக்கு வேணும்? அங்கே இங்கிலீஷ்தான் கேக்கிறாங்க. நான் மொபைல்ல டைமர் வச்சுக்கிறேன். 25 நிமிஷம் அவங்க மொழி, மணி அடிச்சா இங்கிலீஷ். நமக்குச் சாயங்காலம் 6.30னா அங்கே ராத்திரி 10, அதுக்கு மேல அவங்களைப் பிடிக்க முடியாது. ஜெனரல் ஷிப்ட் முடிஞ்சு பஸ்லேருந்தே பேசிடுவேன்.


அல்சூர் ஏரிக்கரை:

தம்பி, டைமர் நல்ல ஏற்பாடு, அதை விடாதீங்க. ஆனா ஜப்பான்ல தமிழ் யாருக்கு வேணும்னு கேட்டீங்களே, 1998ல ரஜினி படம் ஒண்ணு டோக்கியோவில ஓடு ஓடுன்னு ஓடினதிலேருந்து அங்கே அவருக்கு ஒரு ரசிகர் பட்டாளமே இருக்கு. வசனம் புரியணும்னு தமிழ் படிக்கிறவங்க அதுல இருக்காங்க. ஆப்ல உங்களைப் பத்தின பக்கத்துல தமிழ்னு ஒரு வரி போட்டுப் பாருங்க. செலவு ஒண்ணும் இல்லை.

தங்கச்சி, உங்க ரெண்டாவது பயத்துக்கு முதல்ல வரேன். நேருக்கு நேர் பேசும்போது யோசிக்க நேரமே கிடைக்காது, தெரிஞ்ச பத்து வாக்கியத்தையே சுத்திச் சுத்தி வருவோம். கடிதத்துல அப்படித் தப்பிக்க முடியாது. இதைச் சொல்லணும், சொல்லத் தெரியலை, தேடு. அந்தத் தேடல்லதான் மொழி ஏறும். மெரில் ஸ்வேய்ன்னு கனடாக்காரம்மா ஒருத்தங்க 1985ல இதை எழுதினாங்க. அங்கே பள்ளியில பாடங்களைப் பிரெஞ்சுல வருஷக்கணக்கா படிச்ச பிள்ளைங்க, கேட்டாப் புரிஞ்சுக்கிறாங்க, ஆனா பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு வரலை. காதுல வாங்கினா மட்டும் போதாது, அவங்களே வாக்கியம் கட்டி வெளியே தள்ளணும்னு சொன்னாங்க. கிளாஸ்ல ஒரு நிமிஷம் கிடைக்குதுன்னு நீங்க எழுதினதும் இதேதான்.

அதனால வரிசை இப்படி. முதல்ல கடிதம். அதே விஷயத்தைக் கொஞ்ச நாள் கழிச்சு, தாளைப் பார்க்காம, ரெண்டு நிமிஷக் குரல் பதிவா அனுப்புங்க. அவங்க பதில் குரலைக் கேட்டு, பிடிச்ச ஒரு வாக்கியத்தை அதே ஏற்ற இறக்கத்தோட திருப்பிச் சொல்லிப் பாருங்க. நேர்ப் பேச்சு கடைசியில. ஷிப்ட்காரங்களுக்குக் குரல் பதிவு ரொம்ப வசதி. நீங்க ட்யூட்டி முடிஞ்சு பேசி வச்சா அவங்க காலையில எழுந்து கேட்டுக்குவாங்க. நேர்ல பேச ஞாயிறு மதியம் 3 மணின்னு வச்சுக்குங்க. அங்கே கோடையில 11.30, குளிர்காலத்துல 10.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவங்க கடிகாரத்தை மாத்துவாங்க, அந்த வாரம் மட்டும் கவனம்.

திருத்தத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேணும். கடிதம் பூரா சிவப்பா வந்தா மனசு சோர்ந்திடும், எதுவும் நிக்காது. ஒரு கடிதத்துக்கு மூணு தப்பு, அதுவும் அர்த்தத்தைக் கெடுக்கிற தப்பு மட்டும் போதும்னு கேட்டுக்குங்க. விளக்கம் வேண்டாம், வாக்கியத்தை முழுசா மாத்தி எழுதித் தரட்டும். ஒரு நோட்டுல இடது பக்கம் உங்க வாக்கியம், வலது பக்கம் அவங்களோடது. அடுத்த கடிதத்துல அந்த மூணையும் வேற விஷயத்துக்குப் பயன்படுத்தியே ஆகணும். இந்தக் கடைசி வேலையை விட்டா நோட்டு அலமாரியில தூங்கும். நமக்கு ஒரு சௌகரியம் இருக்கு, 'வைல்' (ஏன்னா), 'தாஸ்' (என்று) அப்படின்னு ஆரம்பிக்கிற துணை வாக்கியத்துல ஜெர்மன் வினைச்சொல் கடைசிக்குப் போயிடும். இங்கிலீஷ்லயே யோசிக்கிறவங்க அங்கே திணறுவாங்க. தமிழ்ல யோசிச்சு எழுதுங்க, கை தானாப் போகும்.

பி1 பேச்சுத் தேர்வு மூணு பகுதி. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு காரியத்தைத் திட்டமிடறது, ஒரு தலைப்புல சின்ன உரை, அப்புறம் அதைப் பத்திக் கேள்வி பதில். உரையையும் கேள்வியையும் குரல் பதிவுலயே பழகிடலாம். திட்டமிடறதுக்கு ஒரு நிஜ ஆள் வேணும். பொய்யா ஒரு பார்ட்டி திட்டம் போடாதீங்க. அவங்க வீட்டுல நிஜமா ஒரு விசேஷம் வரும், யார் சமையல், எங்கே இடம், யாரைக் கூப்பிடறதுன்னு அதையே பேசுங்க. பி2 போனா உரையும் விவாதமும். விவாதத்துக்கு உங்ககிட்ட சரக்கு நிறைய இருக்கு, ராத்திரி ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம் நியாயமா இல்லையான்னே ஆரம்பிக்கலாம். நோயாளியோட பேரு, நோய், நடந்த சம்பவம், எதுவும் வாயில வரக் கூடாது. அது மட்டும் எப்பவும் நினைவிருக்கட்டும்.


டோர்ட்முண்ட் பிள்ளை:

வணக்கம். நான் டோர்ட்முண்ட்ல இருக்கிறன். இஞ்சதான் பிறந்து வளர்ந்தனான். அம்மா அப்பா ரெண்டு பேரும் பருத்தித்துறை. தமிழாலயத்தில படிச்சனான், வாசிப்பன், ஆனா எழுத வெளிக்கிட்டா ர, ற, ல, ள எல்லாம் குழம்பிப் போகும். இதையும் எழுதிப்போட்டு அம்மாட்டைக் காட்டித்தான் போடுறன்.

அந்த அம்மா சொன்னது உண்மை. எங்களுக்கு உங்களை மாதிரி ஆக்கள் வேணும். ஆனா ஒண்டு சொல்லவேணும். நான் முந்தி ரெண்டு மூண்டு இந்தியத் தமிழ் ஆக்களோட கதைச்சுப் பார்த்தனான். ஒவ்வொரு வசனத்திலயும் அரைவாசி இங்கிலீஷ். அவைக்கு அது தமிழ், எனக்கு விளங்கேல்லை. நாங்கள் இஞ்ச கலக்கிறது டொச் (ஜெர்மன்) சொல்லுகள், நீங்கள் கலக்கிறது இங்கிலீஷ் சொல்லுகள். கதைக்கேக்க அதைக் கொஞ்சம் குறைச்சீங்கள் எண்டா எங்களுக்குப் பெரிய உதவி.

எனக்குத் திருக்குறள் இப்ப வேண்டாம். அம்மம்மா கொழும்பில இருக்கிறா. அவவுக்கு நானே ஒரு கடிதம் எழுதவேணும், அம்மா திருத்தாமல். அவ்வளவுதான் என்ர ஆசை. நைட் ட்யூட்டி அக்கா, என்ர மச்சாள் ஒராள் நர்ஸ் படிக்கிறா. 2020க்குப் பிறகு வந்த புதுப் படிப்பு, பெரியாக்கள், பிள்ளைகள், வயசு போன ஆக்கள் எல்லாருக்கும் சேர்த்து மூண்டு வருசம். அவவும் தமிழ் எழுதப் பழகவேணும் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. கேட்டுப்போட்டு உங்களுக்குத் தனிமடல் போடட்டோ?


நைட் ட்யூட்டி, விவேக் நகர்:

போடுங்க தங்கச்சி, கண்டிப்பா போடுங்க! அம்மம்மாவுக்கு எழுதற கடிதத்தை நான் பார்த்துச் சொல்றேன், அது எனக்கு வரும். இங்கிலீஷ் கலக்காம பேச நானும் பழகிக்கிறேன். அல்சூர் அம்மா, முதல் கடிதத்துல என்ன எழுதறதுன்னு மட்டும் சொல்லிடுங்க.


பி.டி.எம். லேஅவுட்:

நான் சொன்ன இங்கிலீஷ் யோசனையைவிட இது எவ்வளவோ மேல். ஆனா தனிமடல் வந்த பிறகும் முதல் தடவை வீடியோவில முகம் பார்த்துப் பேசிட்டு அப்புறம் மத்தது. ரெண்டு பக்கத்துக்கும் அது நல்லது.


அல்சூர் ஏரிக்கரை:

டோர்ட்முண்ட் கண்ணு, உன் தமிழ் நல்லாவே இருக்கு. நீ எழுதினதைப் படிச்சதும் தங்கச்சியோட முதல் பயத்துக்குப் பதில் கிடைச்சிடுச்சு. எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழான்னு நாம முடிவு பண்ண வேண்டியதில்லை, அவங்களுக்கு எது வேணுமோ அதைக் கொடுக்கணும். பேச்சு அவங்களுக்கு அம்மாகிட்டேருந்து வந்திருக்கு, யாழ்ப்பாணப் பேச்சு, அதை நம்ம பேச்சா மாத்தவே கூடாது. எழுதத்தான் கை கொடுக்கணும். எழுத்துத் தமிழ் ரெண்டு ஊருக்கும் பொது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தை 2001ல ஆரம்பிச்சதே வெளிநாட்டுத் தமிழர்களை மனசுல வச்சுத்தான், பாடங்கள் அங்கேயே இருக்கு. படிக்கக் கதை வேணும்னா மதுரைத் திட்டத்துல பழைய நூல்கள் இலவசம். நீங்க பெங்களூர்லயே இருக்கிறதால நம்ம தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் ஒரு நடை வாங்க, ஏரிக்கரையிலதான். குழந்தைகள் புத்தகமா ரெண்டு எடுத்து, பக்கத்துக்கு ஒண்ணா வாசிச்சுக் குரலா அனுப்பினா மச்சாளுக்கு அதுவே பாடம்.

ஆள் சுவிட்சர்லாந்துலேருந்து கிடைச்சா ஒண்ணு கவனிங்க. அங்கே எழுதறது நாம படிக்கிற ஜெர்மன்தான், இரட்டை எஸ்ஸுக்குப் பதிலா வர்ற அந்த வளைஞ்ச எழுத்து மட்டும் கிடையாது. வீட்டுல பேசறது சுவிஸ் வட்டார மொழி, கேட்டா தலை சுத்தும். கடிதத்துக்கு அவங்க சரி. தேர்வு நெருங்கும்போது காது பழக ஜெர்மனியில இருக்கிறவங்களே இருக்கட்டும்.

முதல் கடிதம் அரைப் பக்கம் போதும். நான் யார், என்ன வேலை, ஜெர்மன் எதுக்கு, எந்த அளவுல இருக்கேன். உங்களுக்குத் தமிழ்ல என்ன வேணும்னு ஒரு கேள்வி. வாரம் ஒரு கடிதம், ஞாயிறு ஒரு பேச்சுன்னு உங்க யோசனை, ட்யூட்டி மாறினா முன்னாடியே சொல்லிடுவேன்னு ஒரு வரி. மூணு தப்பு மட்டும் திருத்துங்கன்னு ஒரு வேண்டுகோள். உங்களைப் பத்தி அவங்க திருப்பிக் கேள்வி கேக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு சேருங்க. தர்மபுரியில மாம்பழ சீசன்ல வீட்டுல என்ன நடக்கும்னு எழுதினாலே அவங்க நாலு கேள்வி கேப்பாங்க, அடுத்த கடிதம் தானா வந்திடும். இதையெல்லாம் ஜெர்மன்ல எழுதி, கீழேயே சுருக்கமா தமிழ்ல கையால எழுதிப் போட்டோ எடுத்து வைங்க. அவங்களுக்கு வாசிக்கக் கையெழுத்து கிடைக்கும்.

அனுப்பறதுக்கு முன்னாடி பேரு, இடம் எல்லாத்தையும் எடுத்துட்டு இங்கே போடுங்க. ஜெர்மன் பக்கத்தை நான் பார்க்கிறேன், மூணு தப்பு மட்டும் சொல்றேன்.